கறுவாவின் இரண்டாவது புகழ்



நம் அடுக்களையிலே கிடக்கும் கறுவாத் துண்டு ஒன்றுக்கு நெடிய வரலாறுண்டு. 1505ஆம் ஆண்டு இத்தீவிற் கால்வைத்த போர்த்துக்கேயரை இங்கே நிலைகொள்ளச் செய்தவற்றுள் முதன்மையானது இப்பட்டையே. அவர்களை 1658இல் முற்றாக அகற்றிய ஒல்லாந்தர், கறுவா வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்கினர். களவாக விற்றோர்க்கு மரணதண்டனையும் விதித்தனர். காட்டுக் கறுவா போதாமையால், 1769இல் மருதானையில் அதனைப் பயிரிடத் தொடங்கினர். கொழும்பின் கறுவாத்தோட்டம் என்னும் பெயர் அக்காலத்தின் எச்சமே.

அண்மைக் காலத்திற் கறுவாவுக்கு இரண்டாவது புகழொன்று வாய்த்தது. அது நீரிழிவை அடக்கும் என்பதே அப்புகழ்.

குருதியிலுள்ள குளுக்கோசு கலங்களுட் செல்வதற்கு இன்சுலின் துணைபுரிகிறது. நீரிழிவாளருட் சிலர்க்கு அது சுரப்பதில்லை. பலர்க்குச் சுரந்தும் கலங்கள் அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள், கறுவாவிலுள்ள பொருள்கள் இன்சுலினின் தொழிலை வலுப்படுத்துவதை ஆய்வுகூடத்திற் கண்டு 1990இல் வெளியிட்டனர். பொலிபீனோல் என்னும் வகைச் சேர்மங்களே இதற்குக் காரணமெனப் பின்னர்க் கருதப்பட்டது. 2003இற் பாகிஸ்தானில் நீரிழிவாளர் 60 பேரிடம் நடந்த பரிசோதனையில், நாற்பது நாள் கறுவா உண்டோரின் வெறுவயிற்றுக் குளுக்கோசு 18 முதல் 29 சதவீதம் வரை குறைந்தது. செய்தி உலகெங்கும் பரவிற்று.

ஆயினும் இங்கே இரு செய்திகளை நாம் மறத்தலாகாது. முதலாவது, அப்பரிசோதனைக்குரிய பட்டை நம் நாட்டுக் கறுவா அன்று. கசியா எனப்படும் சீனக் கறுவா. அதில் ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய கூமரின் மிகுதி. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். இரண்டாவது, பிற்காலத்துப் பரிசோதனைகள் பலவற்றில் அதே பயன் தென்படவில்லை. 577 பேர் பங்குகொண்ட பத்துப் பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, நீரிழிவுக்குக் கறுவாவைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என 2012இல் முடிவுசெய்தது.

என் நண்பராகிய ஆசிரியர் ஒருவர், வைத்தியர் கொடுத்த குளிகைகளை ஒதுக்கிவிட்டுச் சில திங்கள் கறுவா நீரையே நம்பியிருந்தார். காலிற் பட்ட சிறு காயம் ஆறாது புண்ணானபோதே அவர் மீண்டும் வைத்தியசாலையை நாடினார். கற்றறிந்த அவரையே ஒரு செய்தி மயக்கிற்று.

அன்று ஒல்லாந்தர் பட்டையின் தரத்தைச் சோதித்தே ஏற்றுக்கொண்டனர். இன்று அதன் புகழைக் கேட்கும் நாமும், எந்தப் பட்டை, எத்தனை பேரிடம் ஆராயப்பட்டது, மறுமுறையும் அப்பயன் கிட்டிற்றா என்று வினாவுதல் வேண்டும். கறியின் மணத்துக்குக் கறுவாவை இடுவோம். நோய்க்கு வைத்தியர் தந்த மருந்தை விடாது உண்போம்.