காய்ச்சல் விட்டதும் ஓடலாமா? ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் செஞ்சிப் பக்கம் போலீஸ் செலக்‌ஷனுக்காக விடியற்காலையில் ஓடும் பையன்கள் நிறைய. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். நடுவில் வைரஸ் காய்ச்சல் வந்தால், சூடு இறங்கிய மறுநாளே ஷூவை மாட்டிவிடுகிறார்கள். "வேர்த்தா சரியாப் போயிடும்டா" என்று ஏற்றிவிட ஒரு நண்பன் வேறு இருப்பான்!

காய்ச்சல் போனால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை 2006ல் சிக்குன்குனியா நன்றாகவே புரியவைத்தது. சூடு சில நாளில் இறங்கியது, மூட்டு வலியோ பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. (உடலை வளைத்துப் போடுவது என்ற பொருளில் ஆப்பிரிக்க மகோண்டே மொழியில் இருந்து வந்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான்!)

ஆனால் மூட்டு வலித்தால் யாரும் ஓடப் போவதில்லை. வலியே இல்லாமல் உள்ளே நடப்பதுதான் ஆபத்து. இது மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. 1949ல் பிரிட்டனின் நரம்பியல் மருத்துவர் ரிட்சி ரஸ்ஸல் போலியோ நோயாளிகளைக் கவனித்தார். நோய் தொடங்கியபின்னும் உடம்பை வருத்தி வேலை செய்தவர்களுக்குப் பக்கவாதம் கடுமையாக இருந்தது. உடனே படுத்து ஓய்வெடுத்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

1970ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. காக்ஸாக்கி என்ற வைரஸைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்து, சிலவற்றை மட்டும் தண்ணீரில் நீந்தவிட்டார்கள். நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல நூறு மடங்கு பெருகியிருந்தது. இறந்தவையும் அவற்றில்தான் அதிகம். பாவம் எலிகள். இதயத் தசை வீங்கும் இந்த நோய்க்கு மயோகார்டைட்டிஸ் என்று பெயர்.

எலி விஷயம் என்று தள்ளிவிட முடியாதபடி ஸ்வீடனில் ஒன்று நடந்தது. வரைபடத்தைப் பார்த்துக் காட்டுக்குள் ஓடும் ஓரியண்டியரிங் அங்கே பிரபலம். 1979 முதல் 1992 வரை அதில் 16 இளம் வீரர்கள் திடீரென்று இறந்தார்கள். பலரின் இதயத்தில் வீக்கத்தின் அடையாளம் இருந்தது. எந்தக் கிருமி என்று பெரிய வாதமே நடந்தது, பாக்டீரியா மேலும் சந்தேகம் விழுந்தது. சங்கம் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1992 இறுதியில் போட்டிகளையும் கடும் பயிற்சியையும் சுமார் ஆறு மாதம் நிறுத்தியது, உடம்பு சரியில்லாதபோது ஓடாதே என்று சொல்லிக்கொடுத்தது. சாவு நின்றது. ஒரு விளையாட்டுச் சங்கத்துக்கு இவ்வளவு துணிச்சல் இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

நம் நாட்டுக்கு வருவோம். கோவிட்டுக்குப் பின் இளைஞர்களின் திடீர் மரணங்கள் பற்றி ஐசிஎம்ஆர் 47 மருத்துவமனைகளில் ஆய்வு செய்து 2023ல் வெளியிட்டது. கோவிட்டால் மருத்துவமனையில் இருந்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் கண்டவர்கள், அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள் அல்லது கடுமையாக உடலை வருத்தியவர்கள்... இவர்களுக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்குக் குறைவு. வாட்ஸப்பில் சுற்றுவதற்கு நேர் எதிர்!

அப்படியானால் எப்போது ஓடலாம்? மூக்கடைப்பு, தும்மல் மட்டும் என்றால் லேசான நடை பரவாயில்லை. காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி என்றால் கூடாது. கோவிட்டுக்கு 2021ல் பிரிட்டன் மருத்துவர்கள் சொன்ன கணக்கு: எந்த அறிகுறியும் இல்லாமல் 7 நாள் முழுசாகப் போகட்டும், பிறகு இரண்டு வாரம் லேசான பயிற்சி மட்டும், அப்புறம்தான் வேகம். டெங்குவில் இன்னொரு சிக்கல் உண்டு. சூடு இறங்கும் நாளில்தான் ரத்த அழுத்தம் சரியும் ஆபத்து அதிகம், அன்றைக்கு மைதானம் பக்கமே போகக்கூடாது. நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கமில்லாத மூச்சு வாங்கல், இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஈசிஜி எடுக்கப் போங்கள்.

ராஜகிரி உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். நல்ல உடம்போடு ஏறுகிறவனே நடுவில் இரண்டு முறை உட்காருவான். காய்ச்சலில் இருந்து எழுந்த நண்பன் "வா, மலை ஏறுவோம்" என்று கூப்பிட்டால் முதல் இரண்டு வாரம் கீழே கல்யாண மஹால் பக்கம் நடக்கவிடுங்கள்.

பின்னூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.