டயர் உருகாதது ஏன்?

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரப் பஞ்சர் கடையில் பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். மழைநீர் தேங்கினால் அவற்றில் கொசு வளரும். உடைந்த பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு பொருள் செய்யலாம். டயரோ சூடேற்றினால் உருகாது, கருகும். இவ்வேறுபாடு எதனால் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

இரண்டும் சங்கிலி போன்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை. வாளியில் அச்சங்கிலிகள் தனித்தனியே கிடப்பதால், வெப்பத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஓடுகின்றன. மரத்துப் பாலிலிருந்து கிடைக்கும் ரப்பரும் முதலில் அப்படித்தான். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் இக்குறை நீங்குவதை 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் கண்டார். ஏணியின் இரு கால்களைப் படிகள் இணைப்பது போல, கந்தக அணுக்கள் சங்கிலிகளைப் பிணைத்துவிடுகின்றன. இதுவே குறுக்குப் பிணைப்பு. ரப்பர் உறுதி பெற்றது. ஆனால் உருகும் தன்மையை இழந்தது.

இரு நன்மைகளையும் ஒரே பொருளில் பெற முடியாதா? அமெரிக்காவில் 1962-இல் கெஸ்லர், ஹாஸ்லெட் ஆகியோர் பெற்ற காப்புரிமை ஒரு வழி காட்டியது. உருகிய பாலிப்ரொப்பிலீனுடன் ரப்பரைக் கடையும்போதே, ரப்பருக்குள் மட்டும் குறுக்குப் பிணைப்பை உண்டாக்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில் மான்சாண்டோ நிறுவனத்தின் கோரன், படேல் இருவரும் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். ரப்பர் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுள்ள துகள்களாகச் சிதறி, பிணைப்புற்ற நிலையில் நின்றுவிடுகிறது. பிணைப்பு இல்லாவிடில் துகள்கள் மீண்டும் ஒன்றுசேர்ந்து, கலவை வலுவிழக்கும். சூழ்ந்துள்ள பிளாஸ்டிக் உருகும். உள்ளிருக்கும் ரப்பர் மீள்திறன் தரும். 1981-இல் 'சான்டோபிரீன்' என்ற பெயரில் இக்கலவை விற்பனைக்கு வந்தது.

அதிலிருந்தது பெட்ரோலியப் பொருள்களால் ஆன செயற்கை ரப்பர். நமக்கோ கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இயற்கை ரப்பர் விளைகிறது. அதைப் பாலிப்ரொப்பிலீனுடன் கலந்தால் என்ன? 1980-களில் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் எஸ். கே. டே, பி. குரியாக்கோஸ் முதலியோர் இதை ஆராய்ந்தனர். குறுக்குப் பிணைப்பால் கலவையின் வலிமையும் தேய்மானமும் உருகி ஓடும் தன்மையும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்து வெளியிட்டனர்.

கார்க் கதவின் ஓர அடைப்புகள் போன்றவற்றுக்கு இத்தகைய கலவைகள் இன்று பயன்படுகின்றன. ஓடும்போது சூடேறும் டயருக்கு, வெப்பத்தில் இளகும் இக்கலவை பொருந்தவில்லை. ஆகவே பஞ்சர் கடைக் குவியல் அப்படியே இருக்கிறது. சங்கிலிகள் அறுபடாமல் கந்தகப் பிணைப்பை மட்டும் அவிழ்ப்பது எப்படி? குட்இயர் போட்ட முடிச்சைச் சிக்கனமாகவும் முழுமையாகவும் அவிழ்க்கும் வழியை ஆய்வாளர்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.