வெள்ளித்திரைக் காடும் நம் மலைமக்களும்

திருநாவலூருக்கு மேற்கே, கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலை. அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையில் வாழ்வோரைக் குறிப்பது, கேரளத்தாரையன்று. தமிழே அவர்தம் தாய்மொழி. சாமையும் தினையும் விளைக்கும் உழவர்கள் அவர்கள். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தோர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார்.

ஆனால், பழைய திரைப்படங்களின் காட்டில் இத்தகைய உழவரைக் காண்பதரிது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கருடன் கூடி 1952இல் வெளியிட்ட ‘காடு’ படத்தை நோக்குவோம். அந்நிறுவனத்தின் அருகேயுள்ள சேர்வராயன் மலையில் வாழ்வோரும் இம்மலையாளிகளே. எனினும், படத்தின் வேட்டை வீரர் ராட் கேமரன் என்னும் அமெரிக்கர். இந்திய இளவரசியாகத் தோன்றியவரும் மேரி வின்ட்சர் என்னும் அமெரிக்க நடிகையே! நம் நாட்டு நடிகர்களுக்கு எஞ்சியவை துணை வேடங்கள்.

சாபுவின் வரலாறு இதனை மேலும் விளக்கும். 1924இல் மைசூர் நாட்டுக் காராப்பூரில், யானைப்பாகர் ஒருவரின் மகனாகப் பிறந்த முஸ்லிம் சிறுவர் அவர். 1937இல் வெளிவந்த ‘எலிஃபண்ட் பாய்’ அவரை உலகறியச் செய்தது. அப்படத்தில் யானைகளின் இயல்பை அறிந்தவன் சிறுவன். ஆணையிடுபவரோ வெள்ளைக்காரத் துரை. அறிவு ஒருவருடையது, அதிகாரம் மற்றொருவருடையது. இதுவே அக்காலக் காட்டுப் படங்களின் நீதி.

திரைப்படந்தானே என்று தள்ளிவிடலாமா? மலைமக்களைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் திரையில் பிறந்ததென்று நாம் கூறவில்லை. ஆயினும், திரை அதற்கு நீர் வார்த்தது. அவ்வெண்ணம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு வாச்சாத்தி சான்று. 1992 ஜூன் 20இல் தருமபுரி மாவட்டத்து அவ்வூரில், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி நுழைந்த அரசு ஊழியர் இதே மலையாளி மக்களைக் கொடுமைப்படுத்தினர். பெண்கள் 18 பேர் வன்கொடுமைக்கு ஆளாயினர். 2011இல் நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. உயிருடனிருந்த 215 பேர் தண்டனை பெற்றனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்தலைத் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் விலக்குகிறது. ஏளனத்திற்குள்ளானோர் மேலானவராயிருக்கலாம் என்றும் அது எச்சரிக்கிறது. பழைய காட்டுப் படங்களைப் பிள்ளைகளுடன் காணும் பெற்றோர், அக்காட்டில் ஆணையிடுவோர் யார், வாய்மூடிச் சுமை தூக்குவோர் யார் என்று அவர்களைக் கேட்கட்டும். கல்வராயன் மலையில் சாமை விதைப்போர் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் ஹக்கு இன்னதென்பது நாம் அறியாததன்று.