பீட்டில்ஸ்: நாலு பேர், ஒரு கம்பெனி, ஒரு வழக்கு

1970 டிசம்பர் 31. ஊரே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த அன்று, லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தாக்கலானது. போட்டவர் பால் மெக்கார்ட்னி. எதிர்த் தரப்பில் ஜான் லெனன், ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். உலகமே கொண்டாடிய ஓர் இசைக்குழு, கூட்டு வியாபாரம் நொடித்த பங்காளிகளைப் போல நீதிபதி முன்னால் போய் நின்றது!

பீட்டில்ஸ் ஏன் பிரிந்தது என்று கேட்டால் பலரும் உடனே சொல்லும் பெயர், ஜானின் மனைவி யோகோ ஓனோ. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் வீட்டுக்கு வந்த மருமகள் மேல் பழி போடுவதைப் போலத்தான் இதுவும். அவர்களுடைய வரவு செலவைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

முதலில் வளர்ச்சி. 1957 ஜூலையில் லிவர்பூலில் ஒரு தேவாலயத் திருவிழாவில் ஜானும் பாலும் சந்தித்தார்கள். ஜானுக்கு 16 வயது, பாலுக்கு 15. அடுத்த ஆண்டு ஜார்ஜ் வந்து சேர்ந்தார். 1960 முதல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர கிளப்புகளில் இரவு முழுக்க வாசித்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த உண்மையான பயிற்சி. 1961 நவம்பரில் லிவர்பூலில் குடும்பக் கடையின் இசைத்தட்டுப் பிரிவைக் கவனித்துவந்த பிரையன் எப்ஸ்டீன் என்பவர் இவர்களைக் கேட்டார், பிறகு மேனேஜர் ஆனார். டெக்கா நிறுவனம் வேண்டாம் என்றது. ஈஎம்ஐ நிறுவனத்தில் ஜார்ஜ் மார்ட்டின் சரி என்றார். 1962 ஆகஸ்டில் டிரம்ஸுக்கு ரிங்கோ வந்தார். முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை 1963 பிப்ரவரியில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர்களைப் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி பேர்!

புகழ் இப்படி இருக்க, பணம் எப்படி வந்தது? அங்கேதான் கோளாறு. ஈஎம்ஐயின் முதல் ஒப்பந்தப்படி ஓர் இசைத்தட்டுக்கு ஒரு பென்னி, அதையும் நாலு பேரும் பங்கிட வேண்டும். பீட்டில்ஸ் பெயரில் விற்ற விக், பொம்மை போன்றவற்றின் உரிமைத் தொகையில் 90 சதவீதம் இடைத்தரகு நிறுவனத்துக்குப் போனது. அதற்கு ஒப்புக்கொண்டது எப்ஸ்டீன் தரப்புதான். அனுபவம் இல்லாதவர், ஆனால் நேர்மையானவர். நாலு பேரும் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

1966 ஆகஸ்டில் மேடைக் கச்சேரிகளை நிறுத்தினார்கள். சரியாக ஓராண்டில், 1967 ஆகஸ்ட் 27 அன்று, எப்ஸ்டீன் 32 வயதில் இறந்துபோனார். அதன்பின் நிர்வாகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள நினைத்து ஆப்பிள் என்ற கம்பெனியை நடத்தினார்கள். லண்டன் பேக்கர் தெருவில் திறந்த அவர்களது துணிக்கடை எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. மிச்சச் சரக்கைப் பொதுமக்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டு மூடினார்கள்.

இசையிலும் விரிசல் வந்துவிட்டது. 1968-இல் ரிங்கோ கோபித்துக்கொண்டு சில நாள் போய்விட்டார். 1969 ஜனவரியில் ஜார்ஜ் போனார். இருவரும் திரும்பி வந்தார்கள். ஆக, மனஸ்தாபம் தீரக்கூடியதாகத்தான் இருந்தது. தீராமல் போனது மேனேஜர் விவகாரம். ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூவரும் அமெரிக்கரான ஆலன் கிளைனைத் தேர்ந்தெடுத்தார்கள். பால் தன் மனைவியின் தந்தை லீ ஈஸ்ட்மன் தரப்புதான் வேண்டும் என்றார். மாமனார் கையில் கம்பெனியைக் கொடுக்க மற்ற மூவரும் சம்மதிப்பார்களா?

அதே ஆண்டு இன்னொரு அடி. ஜான், பால் பாடல்களின் உரிமையை வைத்திருந்த நார்தர்ன் சாங்ஸ், 1965 முதல் பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி. அதன் நிர்வாகி டிக் ஜேம்ஸ் இவர்களிடம் சொல்லாமலே தன் பங்குகளை ஏடிவி நிறுவனத்துக்கு விற்றார். அதை மீட்கப் போராடிய நேரத்தில்தான் பால் தனியாகக் கூடுதல் பங்குகள் வாங்கியிருந்தது ஜானுக்குத் தெரியவந்தது. நம்பிக்கை போயிற்று, கம்பெனியும் போயிற்று. தாங்கள் எழுதிய பாட்டுகளுக்கே அவர்கள் முதலாளி இல்லை!

1969 செப்டம்பரில் ஜான் விலகுவதாக உள்ளுக்குள் சொன்னார். 1970 ஏப்ரலில் பால் வெளியே சொன்னார். ஆனால் 1967-இல் போட்ட கூட்டாண்மை ஒப்பந்தம் அப்படியே இருந்தது. தனியாக ஆல்பம் போட்டாலும் வருமானம் பொதுக் கணக்குக்கே போகும், அதை நிர்வகிப்பவர் கிளைன். அவரிடமிருந்து விடுபட நண்பர்கள் மேல் வழக்குப் போடுவதைத் தவிர பாலுக்கு வேறு வழியில்லை. 1971 மார்ச்சில் நீதிமன்றம் கணக்குகளைப் பார்க்க ஒரு ரிசீவரை நியமித்தது. 1973-இல் மற்ற மூவருமே கிளைனை விட்டு விலகி, அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள்!

1975 ஜனவரியில் கூட்டாண்மை சட்டப்படி கலைந்தது. 1980 டிசம்பரில் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். நாலு பேரும் ஒரே மேடையில் மீண்டும் நிற்கவே இல்லை.

பாட்டு எழுதும்போது இருபது வயதுப் பையன்கள் ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படிப்பதில்லை. நட்பு இருக்கும்வரை அது தேவைப்படுவதும் இல்லை. நட்பில் சந்தேகம் நுழைந்த நாளில்தான் எல்லாரும் அதை எடுத்துப் படிக்கிறார்கள். அதற்குள் கையெழுத்து காய்ந்து பல வருடம் ஆகியிருக்கும்.