தஞ்சோங் கூப்பாங் முதல் தென்கிழக்குக் கடல்வரை: விபத்து விசாரணையும் பரிந்துரைகளின் பயணமும்

ஜொகூர் பாருவில், ஜாலான் கெபுன் தேயில், ஒரு பொதுக் கல்லறை உள்ளது. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு தஞ்சோங் கூப்பாங்கில் வீழ்ந்த விமானத்தில் மாண்டவர்களின் எஞ்சிய உடற்கூறுகள் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டன. தேயிலைத் தோட்டம் என்னும் பொருள்படும் அப்பெயர் இன்று ஒரு நகரச் சாலைக்கு உரியது. அவ்வழியே செல்வோருள் பலர் அதன் வரலாற்றை அறியார்.

மலேசிய விமான நிறுவனத்தின் போயிங் 737-200 வகை விமானம் அது. பினாங்கிலிருந்து சுபாங் வழியாகச் சிங்கப்பூர் செல்லவேண்டிய 653ஆம் எண் பயணம். சுபாங்கை நெருங்கி இறங்கத் தொடங்கிய வேளையில், விமானம் கடத்தப்பட்டுள்ளதாக விமானி தரைக்கட்டுப்பாட்டு நிலையத்திற்குத் தெரிவித்தார். பின்னர் விமானம் சிங்கப்பூரை நோக்கித் திரும்பியது. அங்குச் சேர்வதற்கு முன்பே ஜொகூரின் சதுப்பு நிலத்தில் மிகுந்த வேகத்துடன் மோதிச் சிதறியது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர் என நூறு பேரும் மாண்டனர். வேளாண்மை அமைச்சர் அலி ஹாஜி அகமதுவும் ஜப்பானுக்கான கியூபத் தூதரும் அவர்களுள் அடங்குவர். அந்நிறுவனத்தின் வரலாற்றில் நிகழ்ந்த முதல் உயிர்ச்சேத விபத்து இதுவே.

விமானி அறையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்ததையும், விமானிகள் செயலிழந்ததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததையும் விசாரணை நிறுவியது. ஆனால் சுட்டவர் யார், எதற்காகச் சுட்டார் என்னும் வினாக்களுக்கு இன்றுவரை விடையில்லை. ஜப்பானியச் செஞ்சேனையின் மீது ஐயம் எழுப்பப்பட்டது. அதை மெய்ப்பிக்க ஒரு சான்றும் கிட்டவில்லை. மலேசிய வாசகர்கள் பலர் இவ்விசாரணையைத் தோல்வி என்றே கருதிவந்துள்ளனர். அக்கருத்தை நாம் முழுமையாக ஏற்க இயலவில்லை.

ஏனெனில் விபத்து விசாரணை என்பது குற்ற விசாரணை அன்று. அனைத்துலகக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்றுக்கொண்ட 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணைக்குரிய நெறிகளை வகுப்பது. விசாரணையின் ஒரே நோக்கம் மேலும் விபத்து நேராமல் தடுப்பதே, பழியையோ பொறுப்பையோ சுமத்துவதன்று என்று அது வரையறுக்கிறது. சட்டவிரோதக் குறுக்கீடு என்று ஐயம் தோன்றினால், பாதுகாப்பு அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்பதும் இன்று அதன் விதி. ஆகவே, 'யார்' என்னும் வினா காவல் துறைக்குரியது. 'எவ்வாறு இயன்றது' என்னும் வினாவே புலனாய்வாளர்க்குரியது. தஞ்சோங் கூப்பாங்கில் இரண்டாம் வினாவுக்கு விடை கிடைத்தது: ஆயுதம் தாங்கிய ஒருவர் விமானி அறைக்குள் நுழைய முடிந்தது. விடை கிடைத்த பின்னர் உலகம் என்ன செய்தது என்பதே நம் கவலை.

அமெரிக்கா 1973இலேயே பயணிகள் அனைவரையும் சோதனையிடுவதைக் கட்டாயமாக்கியிருந்தது. பாதுகாப்புக்குரிய 17ஆம் இணைப்பு 1974இல் வந்தது. மலேசியாவின் வான்போக்குவரத்துக் குற்றங்கள் சட்டம் 1984ஆம் ஆண்டுக்குரியது. ஆயினும் விமானி அறையின் கதவை உறுதியாக்க வேண்டும் என்பது அனைத்துலக விதியானது 2003 நவம்பரில்தான். அதற்கு 2001 செப்டம்பர் 11இன் பேரழிவு தேவைப்பட்டது. நூறு உயிர்கள் ஜொகூரில் உணர்த்திய ஒன்றை உலகம் விதியாக்க ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. அக்கதவும் முற்றான காப்பாகவில்லை. 2015 மார்ச் 24இல் துணை விமானி ஒருவர் தலைமை விமானியை வெளியே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, ஜெர்மன்விங்ஸ் விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதச் செய்தார். 150 பேர் மாண்டனர். ஒரு பரிந்துரை அடைக்கும் வழி வேறொன்றைத் திறந்துவிடுவதும் உண்டு.

தமிழர்க்கு நன்கு அறிமுகமான அரியலூர் விபத்து இங்கு நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பர் 23இல் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, தூத்துக்குடி விரைவுவண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அப்பதவி விலகலை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே போற்றிக் கேட்டு வளர்ந்தோம். பாலங்களைப் பற்றி யாது பரிந்துரைக்கப்பட்டது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை.

ஜொகூரின் தென்கிழக்குக் கடலில் நிகழ்ந்தது வேறொரு வகை. 2017 ஆகஸ்டு 21 விடியற்காலையில் அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன், லைபீரியக் கொடி தாங்கிய அல்னிக் எம்.சி. என்னும் எண்ணெய்க்கப்பலோடு மோதியது. மாலுமிகள் பத்துப் பேர் மாண்டனர். அது தத்தம் கடற்பகுதியே என்று மலேசியத் தரப்பும் சிங்கப்பூர்த் தரப்பும் கூறின. பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்த பிறகும் இவ்வழக்காடல் ஓயவில்லை என்பது கருதத்தக்கது.

காரணமோ எல்லைக்கோட்டில் இல்லை, தொடுதிரையில் இருந்தது. நெரிசல் மிக்க நீரிணையில் சுக்கானும் வேகமும் ஒருவரிடமே இருந்தன. வேகக் கட்டுப்பாட்டை மட்டும் அடுத்த இருக்கைக்கு மாற்ற முயன்றபோது சுக்கானும் சேர்ந்து மாறியது. சுக்கான் பிடித்தவர் அதை இழந்ததாக எண்ணினார். அது எங்குச் சென்றது என்று எவருக்கும் உடனே விளங்கவில்லை. வேகத்தைக் குறைத்தபோது இரு உந்துதண்டுகளுள் ஒன்று மட்டும் குறைந்ததால், கப்பல் இடப்புறம் திரும்பி எண்ணெய்க்கப்பலின் வழியில் புகுந்தது.

சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு 2018இலும், அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இலும் அறிக்கைகளை வெளியிட்டன. மாலுமி ஒருவரின் தவறென்று அமெரிக்க வாரியம் அதை முடித்துவிடவில்லை. கடற்படையின் மேற்பார்வைக் குறைவையும், அதன் விளைவான பயிற்சிக் குறைவையும் சுட்டியது. 2019 ஆகஸ்டில், அவ்வகைக் கப்பல்களில் தொடுதிரைக்குப் பதிலாக மீண்டும் நெம்புகோல்களைப் பொருத்தப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. மோதலுக்கும் அவ்வறிவிப்புக்கும் இடையே சென்ற காலம் இரண்டே ஆண்டுகள்.

ஒரே மாநிலத்தின் இரு முனைகளில், ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள், மற்றொன்றில் இரண்டு. ஒரு கடற்படை தன் கப்பல்களைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்பது இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி. கதவு விதிக்கோ பல நாடுகள் இசைய வேண்டியிருந்தது. பாதுகாப்புப் பரிந்துரையைப் பெறும் நாடு தொண்ணூறு நாள்களுக்குள் தன் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும் என்று 13ஆம் இணைப்பு கூறுகிறது. தெரிவிப்பதற்கே அக்கெடு, நிறைவேற்றுவதற்கன்று.