சிவந்த வாயும் வெளுத்த பல்லும்

கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு முகப்பில் ஒரு பித்தளைப் படிக்கம் இன்னமும் இருக்கிறது. இப்போது அதில் கார் சாவி போட்டு வைக்கிறார்கள். "வெத்தல போட்டா வாய் செவக்கணும், இல்லன்னா பாக்கு சரியில்ல" என்பார் ஆயா. பல்லில் ஏறிய பழுப்பு அவருக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை.

போன வருடம் அதே வீட்டில் சித்தி மகளுக்குக் கல்யாணம். போட்டோவுக்காகப் பல்லை வெளுக்க வைத்தாள். மறுநாளே முன்பல்லின் சின்ன உடைசலை அடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சீப்புச் சீடையைக் கடித்ததும் அடைப்பு கையோடு வந்துவிட்டது. வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, "வெளுத்த பல்லுல உடனே ஒட்டாதும்மா, ரெண்டு வாரம் விடணும்" என்றார். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஏன் ஒட்டாது? 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், எனாமலை அமிலத்தால் லேசாக அரித்தால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். இன்றைய பல் நிற அடைப்புகளுக்கு அதுதான் அடிப்படை. வெளுக்க வைப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது விட்டுப்போகும் ஆக்சிஜன் பல்லுக்குள் கொஞ்ச நாள் தங்குகிறது. பிசின் இறுகுவதை அந்த ஆக்சிஜன் தடுத்துவிடும். 1988-இலேயே டொரன்டோ ஆய்வாளர்கள் மாட்டுப் பற்களில் இந்தப் பலவீனத்தை அளந்து எழுதிவிட்டார்கள். அடுத்த ஆண்டு, வீட்டிலேயே இரவில் பல்லை வெளுக்கும் முறையை ஹேவுட், ஹேமன் இருவரும் வெளியிட்டார்கள். வெளுப்பு பரவப் பரவ, காத்திருப்பும் பெரிய தொல்லையாகிவிட்டது.

2002-இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு குறுக்குவழி வந்தது: வைட்டமின் சி-யின் உப்பான சோடியம் அஸ்கார்பேட்டைப் பூசினால் ஒட்டும் பலம் திரும்புகிறது. 2011-இல் சென்னை எஸ்.ஆர்.எம். பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் திராட்சை விதைச் சாற்றை எடுத்துக்கொண்டார்கள். பிடுங்கிய மனிதப் பற்களை 38% பெராக்சைடால் வெளுத்து, சிலவற்றில் 10% அஸ்கார்பேட்டையும் சிலவற்றில் 5% விதைச் சாற்றையும் பூசிப் பார்த்தார்கள். இரண்டுமே பிடிப்பைக் கூட்டின. விதைச் சாறு ஒரு படி மேலே நின்றது.

அந்த விதையில் இருப்பது புரோஆந்தோசயனிடின். 1940-களில் பிரான்ஸின் போர்டோவில் ழாக் மஸ்கெலியே இந்த வகைப் பொருளை முதலில் பிரித்தெடுத்தது, நாம் ஊதித் தள்ளும் நிலக்கடலைத் தோலிலிருந்து! அது துவர்ப்புச் சத்து. பாக்கில் நிறைய இருப்பதும் அதே குடும்பம்தான். சுண்ணாம்பு பட்டதும் பாக்கின் துவர்ப்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துச் சிவக்கிறது. ஆயாவின் வாயில் நடந்தது அது. வெளுத்த பல்லில் எஞ்சிய ஆக்சிஜனுக்கும் விதைச் சாறு எலக்ட்ரானைக் கொடுத்துத்தான் அதை அடக்குகிறது. ஒரே குணம், அங்கே கறை, இங்கே மருந்து.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பாக்கு மெல்லக் கிளம்ப வேண்டாம். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் தெளிவாக எழுதிவிட்டது. 'இயற்கை' என்ற சொல் யாரையும் காப்பாற்றாது. விதைச் சாறும் பழுப்பு நிறம்தான். வெளுக்கக் காசு கொடுத்த பல்லில் கறையின் சொந்தக்காரனையே பூசுகிறோம் என்ற தயக்கம் நியாயமானது. மேலே சொன்ன அளவுகளும் பிடுங்கிய பற்களில் எடுத்தவை. சீடை கடிக்கும் வாயில் அல்ல.

அந்த டாக்டர் எதையும் பூசவில்லை, காத்திருக்கத்தான் சொன்னார். கல்யாண ஆல்பத்தில் தங்கை முன்பல் உடைசலோடு சிரிக்கிறாள். மறுவீடு முடிந்து வந்த பிறகு வைத்த அடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது.