தோட்டப் பள்ளியும் பல்கலைக்கழக வாயிலும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை பெரகலச் சந்தியிலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை கொஸ்லந்தை, வெல்லவாய எனக் கீழ்த்திசை நோக்கிச் சரிந்து இறங்கும். மற்றது அப்புத்தளைக்கு ஏறி, பண்டாரவளை வழியே ஹாலி-எலவையும் பதுளையையும் நாடிச் செல்லும். சந்தியைச் சூழ்ந்த சரிவுகளிலே தேயிலை. தேயிலைக்கு நடுவே லயன்கள். லயன்களுக்கு அயலே, நெடுங்காலம் ஒரே அறையாக நின்ற பள்ளிக்கூடம். அப்பள்ளியில் அரிவரி தொடங்கிய பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைவதற்கு எத்தனை சந்திகளைக் கடக்கவேண்டியிருந்தது, அவ்வொவ்வொன்றிலும் வழிசொல்ல யார் இருந்தார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையகக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் கட்டடங்களையும் ஆசிரியர் தொகையையும் சட்டங்களையும் கணக்கெடுப்பர். அவை வேண்டுவனவே. ஆயின் கல்விக்குரிய வழியைப் பற்றிய அறிவு என ஒன்றுண்டு. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அமெரிக்கத் தனியார் பாடசாலைகளிலே இதற்கென்றே ஓர் ஆசிரியர் நியமிக்கப்படுகின்றார். மாணவனுடைய நாட்டத்தையும் ஆற்றலையும் அறிந்து, எக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், எப்பாடத்தை மேற்கொள்ளலாம் என்பதை அவனோடும் பெற்றோரோடும் இருந்து ஆய்வதே அவர் தொழில். நம் போன்ற இந்துக் கல்லூரிகளில் அத்தகைய பதவி பழங்காலத்தில் இருந்ததில்லை. அது தேவையென்று எவர்க்கும் தோன்றியதுமில்லை. இங்கே பயின்றவனுக்கு மூத்த தமையன் இருந்தான். பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்த அயல்வீட்டான் இருந்தான். பழைய மாணவர் சங்கம் இருந்தது. வகுப்பாசிரியரே பட்டதாரியாக இருந்தார். காற்றைச் சுவாசிப்பது போல அவ்வறிவை அவன் பெற்றுக்கொண்டான். ஊவாத் தோட்டத்துப் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்த்ததா என்று கேட்டாற் போதும். வரலாறு அங்கேதான் தொடங்குகின்றது.

ஊவாவிலே முதலில் இருந்தது கோப்பி. 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலேதான் கோப்பியிலை நோய் முதன்முதற் கண்டறியப்பட்டது. அதன்பின் சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை பரந்தது. 1893 இல் அப்புத்தளைக்கும், 1894 இல் பண்டாரவளைக்கும், 1924 இல் பதுளைக்கும் புகைவண்டிப் பாதை வந்தது. தேயிலைப் பெட்டியை ஏற்றிச் செல்லவே அப்பாதை போடப்பட்டது. எனினும், பின்னாளில் கண்டிப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் பேராதனைக்கும் பிள்ளைகளைக் கொண்டுசென்றதும் அதுவே.

1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரையின் மேற் சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் அதே வழியிற் சென்றது. கடமையைச் சுமத்திய சட்டம் அதன் எல்லையையும் வகுத்துவிட்டது. பத்து வயதோடு கல்வி முடியும். அதற்கு மேலே கொழுந்துக் கூடை அல்லது மண்வெட்டி. ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும் பள்ளியிலே, 'அடுத்து என்ன படிக்கலாம்' என்னும் வினாவே பிறவாது. வினா பிறவாத இடத்தில் விடை சொல்வதற்கு ஆள் எதற்கு? ஆசிரியர் பெரும்பாலும் ஒருவரே. அவர் துரையின் ஊழியர். பலவிடங்களில் வேறு தோட்டவேலையும் பார்த்தவர். அவரைக் குறைகூற யாம் முன்வரோம். எழுத்தறிவித்த அளவே அவர் செய்த பேருதவி.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1943 இல் கன்னங்கராவின் தலைமையிலமைந்த விசேட குழு, பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி அளித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1945 இல் அது நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுள் திறமைமிக்கோரை ஐந்தாம் வகுப்பிலே பரீட்சை வைத்துத் தெரிந்தெடுத்து, உதவிப்பணமும் விடுதியும் தந்து மத்திய மகா வித்தியாலயங்களிற் சேர்க்கும் திட்டமும் அக்காலத்ததே. கூர்ந்து நோக்கின், அத்திட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானதொரு வழிகாட்டியாகும். தந்தை எழுத்தறியாதவராயினும் பரீட்சையே பிள்ளையைக் கைபிடித்து அடுத்த படிக்கு ஏற்றிவிட்டது. சிங்களக் கிராமங்களிலிருந்து ஒரு தலைமுறையே இவ்வழியாகப் பேராதனையை அடைந்தது.

தோட்டப் பள்ளியோ அவ்வேணிக்கு வெளியே நின்றது. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் ஏற்று நடத்துவதற்கு 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இடமிருந்தும், அது பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் துரைமாரிடமே விடப்பட்டன. எனவே மேற்படிப்பை நாடிய பிள்ளை பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை முதலிய நகரங்களிலுள்ள பாடசாலைகளைத் தேடி வரவேண்டியிருந்தது. அங்ஙனம் வந்தோர் யாவர்? கங்காணியின் மகன், கணக்கப்பிள்ளையின் மகன், கடைக்காரரின் மகன், தோட்ட ஆசிரியரின் மகன். பணம் அவர்களுக்கிருந்தது என்பது உண்மை. அதனினும் பெரிதாக, நகரத்துக்குப் போய்வரும் பழக்கமும், எவரைக் கண்டு பேசவேண்டும் என்னும் அறிவும் அவர்களுக்கிருந்தன. கொழுந்து பறிக்கும் தாய்க்கு அப்பள்ளியின் அலுவலகப் படியில் ஏறுவதே அச்சந்தருவதாயிற்று.

இதனினும் கொடிய தடையொன்று 1948 இல் வந்தது. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டமக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பள்ளிக்கூடக் கதவை அச்சட்டம் நேரே சாத்தவில்லை. கல்வியின் பயனையே சாத்தியது. அரச சேவை பிரசைகளுக்கே உரியது என்னும் நிலையில், சிரேஷ்ட தராதரப் பத்திரம் பெற்றும் என்ன செய்வது? 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிபு பின்னுக்கு வைக்கப்பட்டு, 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. எண்களை எழுதுவது எளிது. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ன புத்தி சொல்வார் என்பதை எண்ணிப் பாருங்கள். விஞ்ஞானம் படி என்பாரா? அவன் பரீட்சைக்கு அமருமுன் குடும்பத்தார் தலைமன்னாரிற் கப்பலேறியிருக்கக் கூடும். வழிகாட்டுதல் என்பது எதிர்காலம் ஒன்று உண்டென்ற நம்பிக்கையின் மேல் எழுவது. அந்நிலமே அவர்கள் காலடியில் அசைந்துகொண்டிருந்தது.

இத்தகைய காலத்திலும் சிலர் அப்பணியைச் செய்தனர். ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இர. சிவலிங்கம் அவர்களின் பெயர் ஈண்டு நினைக்கத்தக்கது. அறுபதுகளில் மலையக இளைஞரிடையே கல்வியுணர்வையும் தன்மதிப்பையும் தூண்டி, பல்கலைக்கழகக் கனவை அவர்க்கு உரியதாக்கியோருள் அவர் முதன்மையானவர். சுயபாஷை மூலம் கற்றோர் 1960 முதற் பேராதனையின் கலைப்பீடத்துட் புகத் தொடங்கியமை அம்முயற்சிக்குத் துணையாயிற்று. ஆங்கிலம் என்னும் மதில் ஒருபக்கத்தில் இடிந்தது. ஊவாவிலும் நகரத் தமிழ்ப் பாடசாலைகளின் ஆசிரியர், பெயர் வெளிவராமலே, இதனைச் செய்தனர். விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து நிரப்பிக் கொடுத்தல், பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாதவனைக் கச்சேரிக்கு அழைத்துச் செல்லுதல், தங்குவதற்குத் தம் வீட்டுத் திண்ணையைத் தருதல் என்றிவையே அக்காலத்து வழிகாட்டுதல்.

எழுபதுகளில் நிகழ்ந்த அனுமதி மாற்றங்களை யாழ்ப்பாணத்தார் ஒரு கண்கொண்டும் ஊவாத் தமிழர் வேறொரு கண்கொண்டும் பார்த்தனர். தரப்படுத்தலும், 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடும் வடக்கிலே பெருஞ்சினத்தை விளைத்தன. அச்சினத்தின் நியாயத்தை மறுப்பாரில்லை. பதுளை மாவட்டமோ பின்தங்கியதெனக் கொள்ளப்பட்டு நன்மை பெற்றது. அந்நன்மை எவரைச் சேர்ந்தது என்பதிலேதான் நம் வினா உள்ளது. ஒதுக்கீட்டின் அடிப்படை மக்கட்டொகை. பதுளை மாவட்டத்தின் மக்கட்டொகையிலே தோட்டமக்களும் அடங்குவர். அவர்கள் தலையெண்ணிக்கையால் மாவட்டத்தின் பங்கு உயர்ந்தது. பங்கினை எடுத்துச் சென்றோர் விஞ்ஞான வகுப்புள்ள நகரப் பாடசாலைகளின் மாணவர். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மாவட்டத்துக்கு இடமுண்டு. தமிழ்மொழியில் உயர்தர இரசாயனமும் தூயகணிதமும் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. விருந்துக்கு ஆள்கணக்குக் கொடுத்தவன் பந்தியில் அமரவில்லை.

தோட்டங்கள் 1975 அளவில் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பள்ளிகள் கட்டங்கட்டமாக அரசாங்கத்தின் கீழ் வந்தன. அவ்விடையே 1983 ஜூலை வந்தது. பதுளை நகரிலே தமிழர் கடைகளும் இல்லங்களும் எரிந்தன. அவற்றோடு பல குடும்பங்களின் படிப்பும் எரிந்தது. ஆயினும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டத்து இளைஞரே ஆசிரியராக நியமனம் பெற்றனர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியோடு எழுந்தது. 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்தன. நூறாண்டு காத்திருந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது எனலாம்.

அனுமதி விதிகள் பலமுறை திருத்தப்பட்டு, பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்டொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பல்லாண்டுகளாக நிலைபெற்றன. பின்தங்கிய 16 மாவட்டங்களுள் பதுளையும் மொனராகலையும் அடங்குவன. 2001 இல் இசற் புள்ளி முறை வந்தது. நுண்ணிய இவ்விதிகளை அறிந்தவர்க்கு ஒவ்வொரு விதியும் ஒரு படிக்கல். அறியாதவர்க்கு ஒவ்வொன்றும் ஒரு குழி. பெறுபேறு வந்தபின் மாணவன் தான் விரும்பும் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசைப்படுத்தி எழுதித் தரவேண்டும். அவ்வரிசையிற் பிழைத்தால், கிடைத்திருக்கக்கூடிய இடம் கைநழுவும். மருத்துவமும் பொறியியலும் அன்றி வேறு நெறிகளின் பெயரையே கேட்டிராத பிள்ளை அவற்றை எங்ஙனம் வரிசைப்படுத்தும்? இதற்கு முந்திய பிழை இன்னும் ஆழமானது. சாதாரண தரம் முடிந்தவுடன், அருகிலுள்ள பாடசாலையில் கலைப்பிரிவு மட்டுமே உண்டு என்பதனால் கலைப்பிரிவிற் சேர்வதைத் தெரிவு என்று சொல்லுதல் தகுமா? பேருந்துக் கட்டணமும், விடுதியின்மையும், மழைக்காலத்து மண்சரிவும் அன்றோ தெரிந்தன!

2005 இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பமும் அதன் பெறுமதி சேர்ப்பும் அங்கே பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. நாலு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதனினும் அண்மையான துறை வேறில்லை. அந்நெறியிற் சேர்வதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தி வேண்டும். பெரகலச் சரிவிலுள்ள தோட்டமொன்றின் பிள்ளை அச்செய்தியை அறியவேண்டுவது பதினெட்டாம் வயதிலன்று. சாதாரண தரப் பரீட்சை முடிந்து, அடுத்த பாடசாலைக்குப் பேருந்து ஏறுமுன்.